முதலாண்டு உளவியலை எங்கே படிப்பது? டிகிரி, விருப்பப் பாடம், ஸ்வயம்: ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, மே, ஜூன் மாதங்களில் என்னிடம் ஒரே கேள்வி பல விதமாக வரும். பி.எஸ்சி. சைக்காலஜியே சேர்ந்துவிடலாமா? வேறு டிகிரி எடுத்துக்கொண்டு இதை ஒரு பேப்பராகப் படித்தால் போதாதா? ஆன்லைனில் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால் என்ன? முதலாண்டு மாணவர்களுக்குப் பொது உளவியல் எடுப்பவள் நான். கேட்பவர்களில் பாதிப் பேர் பெற்றோர். வேலை கிடைக்குமா என்பதுதான் அவர்களுக்கு முதல் கவலை, அதில் தப்பே இல்லை. ஆனால் அறிமுக உளவியல் பாடம் மாணவரிடம் என்ன கேட்கிறது என்று தெரிந்தால்தான் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலவசமாக இணையத்தில் கிடைக்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் உளவியல் பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் கல்லூரி முதலாண்டுக்குப் பயன்படும் புத்தகம், மொத்தம் 16 அத்தியாயங்கள். ஆராய்ச்சி முறைகள், மூளையும் நரம்புகளும், உறக்கம், புலன்கள், கற்றல், சிந்தனை, நினைவாற்றல், வளர்ச்சி, உணர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல், பணியிட உளவியல், மன அழுத்தம் என்று போகும். மனநலக் கோளாறுகளுக்கு ஓர் அத்தியாயம், சிகிச்சைக்கு ஓர் அத்தியாயம், அவ்வளவுதான். டிப்ரெஷன் பற்றியும் கவுன்சலிங் பற்றியும் படிக்கலாம் என்று ஆசையோடு வருகிறவர்கள் முதல் இரண்டு மாதம் நியூரானையும் ஆய்வு வடிவமைப்பையும் படித்துக்கொண்டிருப்பார்கள். நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டமும் ஏறக்குறைய இதே வரிசைதான். முதல் செமஸ்டரில் ஒரு பாதி, இரண்டாம் செமஸ்டரில் மறு பாதி.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து வரும் பெரும்பாலானோர் உளவியலைப் பார்ப்பதே கல்லூரியில்தான். சி.பி.எஸ்.இ.யில் அதை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வும் 30 மதிப்பெண் செய்முறையும் ஏற்கெனவே பழக்கம். இந்த இடைவெளியை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். முதல் செமஸ்டர் முடிவதற்குள் இரண்டு தரப்பும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவதைத்தான் வகுப்பில் பார்க்கிறேன். எந்த குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் சேர்த்துக்கொள்வார்கள். உயிரியல் படித்தவர்களுக்கு மூளை பற்றிய அலகு கொஞ்சம் சுலபம், அவ்வளவே.

சரி, வழிகளுக்கு வருவோம். முழுநேர இளநிலைப் பட்டம் முதல் வழி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பி.எஸ்சி., சில இடங்களில் பி.ஏ. இந்த இரண்டு எழுத்தைப் பற்றி வீடுகளில் நடக்கும் விவாதத்துக்கு அவ்வளவு அவசியமில்லை, பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்முறையும் புள்ளியியலும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பெயரளவில் பி.எஸ்சி.யாக இருந்து லேப் இல்லாத இடத்தைவிட, நல்ல லேப் வைத்திருக்கும் பி.ஏ. மேல்.

லேபுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையைச் சொல்கிறேன். கல்லூரியைப் பொறுத்து முதல் வருடத்திலோ இரண்டாம் வருடத்திலோ இது வரும். மேசைமேல் ஒரு பலகை, அதில் இரட்டைக் கோட்டால் வரைந்த ஒரு நட்சத்திரம். கை நேராகத் தெரியாதபடி ஒரு மறைப்பு, எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் கை எதிர்ப்பக்கமாகவே போகும். மூலை வந்ததும் பென்சில் அங்கேயே சிக்கிக்கொண்டு கிறுக்கும். கூட இருப்பவர் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்பார், கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பிழை என்று குறித்துக்கொள்வார். முதலில் இடது கையால் ஒரு தடவை, அப்புறம் வலது கையால் பல தடவை பயிற்சி, கடைசியில் மறுபடியும் இடது கை. இடையில் பயிற்சியே செய்யாத இடது கையும் இப்போது வேகமாக வரையும். ஒரு கை கற்றது மறு கைக்கும் போகிறது என்று மாணவர்கள் உடனே ரெக்கார்டில் எழுதிவிடுவார்கள்.

பாடம் அங்கே முடிவதில்லை. முதலில் ஒரு தடவை இடது கையால் வரைந்தார்களே, அந்த ஒரு முயற்சியாலேயே கை தேறியிருக்கலாமே? அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வலது கைப் பயிற்சி இல்லாமல் அதே நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி இடது கையால் வரையும் இன்னொரு குழு வேண்டும். ஒப்பீட்டுக் குழு எதற்கு என்பதை எத்தனை முறை படித்தாலும் ஏறாதது, தன் கையால் எடுத்த எண்களை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது ஏறிவிடும். அதே நட்சத்திரத்தைத்தான் நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஹென்றி மொலைசன் என்ற நோயாளியை வரையச் சொன்னார். வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க முடியாமல் போனவர் அவர். மறுநாள் வந்தால், முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனாலும் நாளுக்கு நாள் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. நினைவாற்றல் என்பது ஒரே பொருள் இல்லை, கைப்பழக்கம் தனி வழியில் பதிகிறது என்ற முடிவுக்கு அந்த நட்சத்திரம் ஒரு பெரிய ஆதாரம். லேபில் திணறிய மாணவர் இதைப் படிக்கும்போது அவருக்குக் கிடைக்கும் புரிதல், ஸ்லைடில் பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை.

பட்டப்படிப்பின் மற்ற நிபந்தனைகள் எல்லா டிகிரிக்கும் உள்ளவைதான். பெரும்பாலும் அக மதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கு மாறும். வருகைப்பதிவு 75 சதவீதம். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு அட்டவணை, விவாதம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவற்றைவிட மாணவர்களைத் தடுமாற வைப்பது புள்ளியியல்தான். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-சோதனை. கணக்கு வேண்டாம் என்றுதானே இந்தப் பக்கம் வந்தேன் என்று கண் கலங்கியவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வந்துவிடும். ஆனால் அது கட்டாயம் வரும் என்பதைச் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மனநலத் துறையில் தொழில் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு இந்த முதல் வழிதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறை இருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., ஒப்புக்கொண்ட தகுதி வேண்டும். உளவியல் முதுநிலைக்குப் பின் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., அதில் மேற்பார்வையோடு மருத்துவமனைப் பயிற்சி என்பதுதான் பல காலமாக இருந்த பாதை. எம்.ஃபில். விலக்கப்பட்டுவரும் நிலையில் அந்த இடத்துக்கு வேறு படிப்புகள் வருகின்றன. பெயர் எதுவானாலும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி. முடித்ததும் போர்டு மாட்டிக்கொண்டு கிளினிக் திறக்க முடியாது. இதைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவேன். பிளஸ் டூவுக்குப் பின் ஏழு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு பணத்தையும் பொறுமையையும் திட்டமிட வேண்டிய பாதை இது.

தொலைதூரக் கல்வியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், பலரும் பழைய தகவலோடு வருகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., எம்.ஏ. உளவியல் படித்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தக் கதவு மூடிவிட்டது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைதூர முறையிலோ ஆன்லைன் முறையிலோ நடத்தக் கூடாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., அறிவித்தது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கிடையாது. இதற்குப் பிறகும் யாராவது உங்களைத் தொலைதூர உளவியல் டிகிரிக்குச் சேர்க்கிறேன் என்று பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் யு.ஜி.சி. தளத்தைப் பார்த்துவிடுங்கள். குடும்பப் பொறுப்போடு இருக்கும் பெண்களுக்கு அந்த வழி போனது எனக்கு வருத்தம்தான். மக்களின் மனநலத்தைக் கையாளும் தொழிலுக்கு நேரடிப் பயிற்சி வேண்டும் என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது வழி, வேறொரு டிகிரிக்குள் உளவியலை ஒரு பாடமாகப் படிப்பது. சமூகப்பணி, சமூகவியல், மனையியல் போன்ற படிப்புகளில் இது சார்புப் பாடமாக வரும். மற்ற துறைக்காரர்கள் என்.எம்.இ. (நான் மேஜர் எலெக்டிவ்) என்று சொல்லும் விருப்பப் பாடமாக எடுக்கலாம், பெரும்பாலும் இரண்டு கிரெடிட். பி.எஸ்சி. நர்சிங்கில் முதல் செமஸ்டரிலேயே பயன்பாட்டு உளவியல் உண்டு, பி.எட்.டிலும் கட்டாயம். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 கேள்விகளில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் சார்ந்தவை.

இரண்டு கிரெடிட் பாடத்தில் என்ன கிடைக்கும்? வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு செமஸ்டர். பாவ்லோவின் நாயும் மாஸ்லோவின் தேவைப் படிநிலையும் வந்துவிடும், சோதனை எதுவும் இருக்காது. தேர்வும் சுலபமாகவே இருக்கும். பி.காம். படிக்கும் ஒரு பிள்ளைக்கு மனித மனத்தைப் பற்றி ஒழுங்காக ஓர் அறிமுகம் வேண்டும் என்றால் இது போதுமானது, நல்லதும்கூட. சார்புப் பாடமாக இரண்டு செமஸ்டர் படிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் கிடைக்கும். பள்ளி ஆசிரியராகவோ நர்ஸாகவோ ஆகப் போகிறவர்கள் இந்தப் பாடத்தை மார்க்குக்கு மட்டும் படித்துவிட்டுப் போவதுதான் எனக்கு ஆதங்கம். அடி வாங்கிய குழந்தை எதைக் கற்கிறது, எதைக் கற்பதில்லை என்பதெல்லாம் நாளை அவர்கள் கையில் இருக்கப் போகும் விஷயம்.

ஒரு எச்சரிக்கை. விருப்பப் பாடமாகப் படித்துவிட்டு எம்.எஸ்சி. உளவியலுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் எந்த டிகிரிக்கும் இடம் தரும், சில உளவியல் இளநிலை இருந்தால்தான் எடுக்கும். எங்கே சேர நினைக்கிறீர்களோ அந்த இடத்தின் தகுதி விதியை இப்போதே படியுங்கள், மூன்று வருடம் கழித்து அல்ல.

மூன்றாவது, மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில், ஐ.ஐ.டி.க்களின் என்பிடெல் போன்றவை நடத்தும் பாடங்கள். இவற்றுக்கும் தொலைதூர டிகிரிக்கு வந்த தடைக்கும் சம்பந்தமில்லை, இவை டிகிரி அல்ல, தனிப் பாடங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம், என்பிடெல் பாடமென்றால் தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். என்பிடெல்லின் 12 வாரப் பாடமென்றால் வாரம் ஓர் அசைன்மென்ட் இருக்கும். சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியாக எடுத்தால்தான் சர்டிபிகேட். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுத்துக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள 2021 விதிமுறைகளில் யு.ஜி.சி. வழி செய்திருக்கிறது. உங்கள் கல்லூரி எந்தப் பாடத்தை ஏற்கும் என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

இதன் பலம், ஒழுங்கு. வாரா வாரம் கெடு வைத்து இழுத்துக்கொண்டு போகும். பலவீனம், கேள்விகள் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடு வகை. நான்கு பக்கம் எழுதி ஒரு கருத்தை நிறுவவேண்டிய கட்டாயம் வராது, லேபும் கிடையாது. பொறியியல் படிக்கும் மாணவர்கள், வேலையில் இருப்பவர்கள், டிகிரி மாறலாமா என்று யோசிப்பவர்கள் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். குறிப்பாகக் கடைசி வகையினருக்கு. 1000 ரூபாயில், மூன்று மாதத்தில், இந்தப் பாடம் தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். மூளை பற்றிய வாரத்தையும் ஆய்வு முறை வாரத்தையும் விருப்பத்தோடு தாண்டியவர், டிகிரிக்கும் தாக்குப்பிடிப்பார்.

சர்டிபிகேட்டே வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும் என்றால் செலவே இல்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12ஆம் வகுப்பு உளவியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். அவற்றின் ஆங்கிலம் எளிமை, எடுத்துக்காட்டுகள் இந்திய வாழ்க்கையிலிருந்து வருபவை. அவற்றை முடித்துவிட்டு ஓப்பன்ஸ்டாக்ஸ். பேராசிரியர் பால் புளூமின் யேல் பல்கலைக்கழக வகுப்புகள் முழுவதும் வீடியோவாகக் கிடைக்கின்றன. 2007இல் பதிவானவை என்பதால் சில இடங்களில் பழசு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியாகத் தொடங்குகிற பெரும்பாலானோர் ஆளுமை, கனவு, கோளாறு என்று பிடித்த அத்தியாயங்களை மட்டும் படிப்பார்கள். ஆய்வு முறைகளை விட்டுவிட்டுப் படித்த உளவியல், வாட்ஸ்அப்பில் வரும் மனோதத்துவத்தைவிட அதிகம் பயன்படாது.

எந்த வழியானாலும் அதன் தரத்தைப் பார்க்க நான் வைத்திருக்கும் ஒரு சோதனை உண்டு. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைப் பாடத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரண மாணவர்களுக்குக் காவலர் உடை கொடுத்ததும் தானாகக் கொடூரமாக மாறினார்கள் என்று கதையாகச் சொல்லி முடித்தால், அது பழைய நோட்ஸ். காவலர்களாக நடித்தவர்களுக்குக் கடுமையாக இருக்கும்படி தூண்டுதல் தரப்பட்டது பின்னாளில் ஆவணங்களில் தெரியவந்ததும், அதனால் எழுந்த விமர்சனமும் பாடத்தில் இருக்க வேண்டும். அதேபோல் 2015இல் வெளியான பெரிய கூட்டு முயற்சி. வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி நடத்திப் பார்த்தார்கள், 36 சதவீத மறுஆய்வுகளில் மட்டுமே புள்ளியியல்படி தெளிவான முடிவு மீண்டும் கிடைத்தது. இதைக் கேட்டு மாணவர்கள் அப்படியானால் உளவியல் பொய்யா என்பார்கள். தன் முடிவுகளைத் தானே திரும்பச் சோதித்துக் குறையை வெளியிடும் துறையை நம்பலாம் என்பது என் பதில். இந்த விவாதம் நடக்கும் வகுப்பு எந்தக் கல்லூரியில் இருந்தாலும் அது நல்ல வகுப்பு.

தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம் வாசிக்க வேண்டியிருக்கும். முதல் மாதம் மலைப்பாகவே இருக்கும். ஒரு வழி சொல்கிறேன், என் வகுப்பில் பலருக்கும் பலித்தது இது: அத்தியாயத்தைப் படிப்பதற்கு முன் அதன் கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி விளக்கமும் உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஓர் உதாரணமும் எழுதுங்கள். குக்கர் விசில் சத்தம் கேட்டதும் பசி எடுப்பது ஆக்கநிலையிறுத்தம் (கண்டிஷனிங்). அடம்பிடித்த குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தால் அடம் கூடுவது வலுவூட்டல் (ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்). இப்படி எழுதிவிட்டுப் படித்தால் ஆங்கிலப் பத்திகள் பாதி வழிவிடும். விடையைத் தமிழில் எழுத உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு தரப்பினரை நினைத்துத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். தன் மனதில் இருக்கும் வலியைப் புரிந்துகொள்ளவே உளவியல் சேர விரும்பும் பிள்ளைகள். அந்த ஆசையில் எந்தக் குறையும் இல்லை, நல்ல உளவியலாளர்கள் பலர் அங்கிருந்துதான் வந்திருக்கிறார்கள். ஆனால் முதலாண்டுப் பாடம் சிகிச்சை ஆகாது. கோளாறுகள் பற்றிய அத்தியாயத்தைப் படிக்கும்போது ஒவ்வொன்றும் தனக்கே இருப்பதுபோலத் தோன்றும், தனியே உட்கார்ந்து படிப்பவருக்கு அது இன்னும் கனமாக இருக்கும். உதவி வேண்டுமென்றால் அதை முதலில் பெறுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

டிகிரி என்று முடிவெடுத்தவர்கள் சேர்க்கைக்குப் போகும்போது அலுவலகத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள், துறைக்குப் போய்ப் பாருங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றனவா, மேசைமேல் இருக்கின்றனவா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போன வருட மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேளுங்கள். எல்லோருடைய நோட்டிலும் ஒரே எண்கள் இருந்தால் அங்கே சோதனை நடக்கவில்லை, காப்பி நடக்கிறது. நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், புள்ளியியலை உளவியல் துறையே எடுக்கிறதா, மூன்றாம் வருடத்தில் மருத்துவமனைக்கோ சிறப்புப் பள்ளிக்கோ அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி போல உளவியல் இருக்கும் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு, இடமும் குறைவு. அதனால் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தை முதல் நாளே போட்டுவிட்டு, தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதைத் தரவரிசைப் பட்டியல் வரும்வரை தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.